கைக்கு வந்த பந்து ஏன் நழுவுகிறது?

2016 நவம்பர் 20, சியாட்டில். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்எஃப்எல்லில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி சீஹாக்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்தில் சந்திக்கிறது. ஈகிள்ஸின் சாக் எர்ட்ஸ் 57 யார்டு டச்டவுன் ஒன்றைப் போடுகிறார், அதாவது பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கிறார். ஆனால் விதிமீறலைக் காட்டும் நடுவரின் மஞ்சள் கொடி ஏற்கெனவே புல்லில் கிடக்கிறது. அந்த முயற்சி தொடங்கும் நொடியில் பந்து இருக்கும் கோட்டை ஒட்டி நின்றிருக்க வேண்டிய ரிசீவர் (பந்தை ஓடிப் பிடிப்பவர்) நெல்சன் அகலோர் சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். டச்டவுன் செல்லாது. அதே ஆட்டத்தில், பக்கத்தில் எதிரணி ஆள் யாரும் இல்லாத நிலையில் அகலோருக்கு ஒரு பந்து நேராகக் கைக்கே வந்தது. அதையும் நழுவவிட்டார். ஈகிள்ஸ் 26-15 என்று தோற்றது.

அகலோருக்கு அப்போது வயது 23. ஆட்டம் முடிந்ததும் அவர் செய்தியாளர்களிடம் சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. தலைக்குள் எண்ணங்கள் அதிகமாகிவிட்டன, தனக்குத் தானே அழுத்தம் ஏற்றிக்கொள்கிறேன், அதிலிருந்து வெளியே வர வேண்டும் என்று மனம் விட்டுப் பேசினார். தொழில்முறை விளையாட்டில் இப்படிப் பேசுபவர்கள் குறைவு. அடுத்த ஆட்டத்தில் கிரீன்பே பேக்கர்ஸுக்கு எதிராகப் பயிற்சியாளர் டக் பீடர்சன் அவரைக் களமிறக்கவே இல்லை. உடலில் காயம் எதுவும் இல்லாத ஓர் ஆட்டக்காரரை ஓரமாக உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அகலோர் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்து, ஐந்து வயதில் குடும்பத்தோடு ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கு வந்தவர். சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு ஒரே சீசனில் 104 பந்துகளைப் பிடித்தார், அவற்றால் அணி முன்னேறிய தூரம் 1,313 யார்டு, 12 டச்டவுன். அதைப் பார்த்துத்தான் 2015இல் புது ஆட்டக்காரர்கள் தேர்வில் 20ஆவது இடத்திலேயே ஈகிள்ஸ் அவரை எடுத்தது. 104 பந்து பிடித்த கைகளுக்கு இரண்டே ஆண்டில் என்ன ஆகிவிடும்? கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே என் எண்ணம். இளம் ரிசீவர் ஒருவர் பந்தை நழுவவிடும்போதெல்லாம் ரசிகர்கள் அவருடைய கையைத்தான் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் கண்ணிலும், அதற்குப் பின்னால் ஓடும் நினைப்பிலும் இருக்கிறது.

ரிசீவரின் வேலையைச் சற்று விளக்க வேண்டும். அணிக்கு 11 பேர். குவாட்டர்பேக் பந்தை வீசுபவர், அதை ஓடிப் பிடிப்பவர் ரிசீவர். மனம் போன போக்கில் ஓட முடியாது. எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு முயற்சிக்கும் பாதை வகுத்திருப்பார்கள். அதுவும் எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும். பல நேரம் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து குவாட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பியிருக்கும். பந்து 11 அங்குல நீளத் தோல் பந்து, எடை 400 கிராமைத் தாண்டும். மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றுகொண்டு வரும். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் கேட்சை விட்டால் எவ்வளவு திட்டுகிறோம்! அவராவது நின்ற இடத்தில் நிற்கிறார், பிடிக்கிற நொடியில் 100 கிலோ ஆள் ஒருவர் ஓடிவந்து விலாவில் மோதப் போவதில்லை.

கை வைக்கும் முறையில் பெரிய மர்மம் இல்லை, பள்ளிக்கூட அணியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆட்காட்டி விரலும் நெருங்கி, நடுவில் ஒரு வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். பந்தின் கூர்முனை அந்த இடைவெளிக்குள் வந்து சேரும். இடுப்புக்குக் கீழே வந்தால் கை தலைகீழாகத் திரும்பி, சுண்டுவிரல்கள் ஒட்ட வேண்டும். உள்ளங்கையில் மோதாமல் விரல்களில் வாங்க வேண்டும், வாங்கும்போது கை சற்றுப் பின்னால் இழுபட வேண்டும். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பந்து பிடிபடும் சத்தத்தையே கவனிப்பார்கள். 'டப்' என்று உரக்கக் கேட்டால் உள்ளங்கையில் அறைகிறது, இன்றைக்கு நிற்கலாம், நாளைக்குத் தெறிக்கும். சிலர் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார்கள். நெஞ்சில் இருப்பது கெட்டியான பாதுகாப்புக் கவசம். அதில் பட்டுப் பந்து எம்பிவிடும், எதிரணிக்காரருக்குப் போய்ச் சேரவும் கூடும்.

இதெல்லாம் ஒருவருக்குச் சரியாகவே வந்தாலும் பந்து நழுவும். அந்த நொடியை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: பந்து விரலைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே ஹெல்மெட் திரும்பியிருக்கும். பிடித்தபின் எந்தப் பக்கம் ஓடலாம், யார் அடிக்க வருகிறார் என்று தேடக் கண் கிளம்பிவிட்டது. கை அதன் பாட்டுக்குச் சரியான இடத்துக்குத்தான் போகிறது, ஆனால் விரலை எப்போது மூட வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் பந்து கைக்குள் வந்து, அக்குளுக்குக் கீழே அணைத்து வைக்கப்படும்வரை கண்ணை எடுக்காதே என்று பயிற்சியாளர்கள் விடாமல் சொல்கிறார்கள். யாருமே அருகில் இல்லாதபோது பந்து அதிகம் நழுவுவதுபோல் நமக்குத் தோன்றுவதற்கும் இதுவே விடை. எதிரே வெட்டவெளி தெரிந்ததும் கண் அங்கே ஓடுகிறது. நெருக்கடியில் இருப்பவருக்குப் பந்தைத் தவிர வேறு பார்க்க நேரமில்லை.

கண் தொடர்பான விஷயத்தில் ஜமார் சேஸ் என்ற ரிசீவர் சொன்ன ஒரு காரணம் நினைவுக்கு வருகிறது. எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் கலக்கிய அவர், கொரோனா காரணமாக 2020 சீசன் முழுவதும் ஆடவில்லை. 2021 தேர்வில் ஐந்தாவது ஆளாக சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை எடுத்தது. ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டமொன்றில் வாஷிங்டனுக்கு எதிராக மூன்று பந்துகளை நழுவவிட்டார். கல்லூரிப் பந்தின் இரு முனைகளிலும் வெள்ளைப் பட்டை உண்டு, என்எஃப்எல் பந்தில் அது இல்லை, முழுக்கப் பழுப்பு. அதனால் வரும் பந்தைப் பார்ப்பதே கடினமாக இருக்கிறது என்றார் சேஸ். உடனே கேலி கிளம்பியது. ஆடத் தெரியாதவர் பந்தின் மேல் பழி போடுகிறார் என்றார்கள்.

எனக்கு அந்தக் கேலி அன்றைக்கும் நியாயமாகப் படவில்லை. பந்து எப்படிச் சுழல்கிறது, கூர்முனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்த வெள்ளைப் பட்டை கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். சிறுவயது முதல் பட்டையைப் பார்த்தே பழகிய கண், ஓராண்டு ஆட்டமே இல்லாமல் இருந்துவிட்டுப் பட்டையில்லாத பந்தைச் சந்தித்தால் தடுமாறத்தான் செய்யும். பழகினால் சரியாகிவிடும். சரியாகவும் ஆனது. மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 101 யார்டு, அதில் 50 யார்டு தொலைவிலிருந்து ஒரு டச்டவுன். சீசன் முடிவில் 81 பந்துகள், 1,455 யார்டு, 13 டச்டவுன், ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது. ஆகஸ்டில் அவரைத் தேர்ந்தெடுத்ததே தப்பு என்று எழுதியவர்கள் ஜனவரியில் அதைப் பற்றிப் பேசவில்லை.

சேஸுக்கு வந்தது கண் பழகாத சிக்கல். அகலோருடையது வேறு, அதைவிடக் கடினமானது.

ஓடிக்கொண்டே பந்து பிடிப்பது பல்லாயிரம் முறை செய்து செய்து உடம்புக்கே தெரிந்துபோன வேலை. அதைச் செய்யும்போது 'விரலை இப்படி வை, இப்போது மூடு, விட்டுவிடாதே' என்று மனம் குறுக்கே கட்டளையிட்டால் உடம்பு குழம்புகிறது. விளையாட்டு உளவியலில் நன்கு அறியப்பட்ட விஷயம் இது. கோல்ஃபில் மூன்றடித் தூரத்துப் பந்தைத் தள்ளத் தடுமாறுபவருக்கும், பேஸ்பாலில் முதல் தளத்துக்குச் சாதாரணமாக எறிய முடியாமல் போனவர்களுக்கும் நேர்ந்தது இதே. ஒரு பந்தை விட்டால் அடுத்த பந்து வரும்போது போன பந்து நினைவில் இருக்கும். அப்புறம் கை இறுகும். இறுகிய கையில் பந்து தெறிக்கும். தெறித்ததும் மைதானத்தில் 65,000 பேர் கூச்சலிடுவார்கள். அந்தக் கூச்சல் அடுத்த பந்துக்கும் கூடவே வரும்.

2016இல் அகலோர் இந்தச் சுழலில்தான் இருந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் சிப் கெல்லி முதல் சீசன் முடிவதற்குள் வேலையிழந்தார். இரண்டாம் ஆண்டில் புதுப் பயிற்சியாளர், புதுப் பாதைகள், புதுமுகக் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ். வெளிப்பக்க ரிசீவராக எதிரணியின் முதல்தரத் தடுப்பாளர்களோடு மல்லுக்கட்ட வேண்டிய பொறுப்பு. போதாததற்கு, முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்ற எதிர்பார்ப்பு. அந்த ஆண்டு 36 பந்துகள், 365 யார்டு, இரண்டு டச்டவுன்.

2017இல் ஈகிள்ஸ் நிர்வாகம் செய்த காரியங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அல்ஷான் ஜெஃப்ரி, டாரி ஸ்மித் என்ற இரண்டு அனுபவசாலிகளை வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரிசீவர்களுக்குப் புதுப் பயிற்சியாளராக மைக் க்ரோ வந்தார். ஆகஸ்டில், உள்பக்க ரிசீவர் இடத்தில் ஆடிவந்த ஜோர்டன் மேத்யூஸை பஃபலோவுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தை அகலோரிடம் கொடுத்தார்கள். 'ஸ்லாட்' என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் நின்றால் கோட்டுக்குச் சற்றுப் பின்னாலிருந்து கிளம்பலாம், எதிரணிக்காரர் முதல் அடியிலேயே நெஞ்சில் கைவைத்துத் தடுப்பது குறையும், இரு பக்கமும் திரும்ப இடமிருக்கும். எடுத்தவுடன் முழுவேகத்தில் ஓடும் அவருடைய கால்களுக்குத் தோதான வேலை. சும்மா ஆயிரம் பந்து கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி விட்டுவிடவில்லை. அவர் தலைமேல் இருந்த சுமையை இறக்கினார்கள். இதுதான் சரியான வைத்தியம். பந்து வீசும் இயந்திரத்தின் முன்னால் நின்று தினமும் நூற்றுக்கணக்கில் பிடிப்பது நல்ல பழக்கம், அது விரலுக்கு உதவும். ஆனால் அந்த இயந்திரம் யாரையும் பார்த்துக் கூச்சலிடாது, யாரையும் இடிக்காது, தோல்வி பயத்தையும் உண்டாக்காது. அங்கே ஒரு பந்தைக்கூட விடாதவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் விடுவதற்குக் காரணம் அது.

அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, தன்னைப் பிடிக்க வந்தவர்களிடமிருந்து நழுவிய வென்ட்ஸ் வீசிய பந்தை அகலோர் பிடித்து 58 யார்டு டச்டவுன் ஆக்கினார். டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வென்ட்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார், மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ் வந்தார். ஆட்டத்தின் கடைசிக் கட்டம், மூன்றாவது முயற்சி, பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ள இன்னும் எட்டு யார்டு தேவை. விட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஃபோல்ஸ் தேடியது அகலோரை. ஒன்பது யார்டுக்குப் பிடித்தார். ஓராண்டுக்கு முன் களத்தில் இறங்கத் தகுதியில்லை என்று ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவரிடம் அந்த நேரத்தில் பந்து போகிறதென்றால், அணிக்குள் அவர்மேல் நம்பிக்கை எவ்வளவு திரும்பியிருந்தது என்று புரியும். 62 பந்துகள், 768 யார்டு, எட்டு டச்டவுன் என்று சீசனை முடித்தார். 2018 பிப்ரவரியில் மினியாபொலிஸில் நடந்த இறுதியாட்டமான சூப்பர் பௌலில் ஒன்பது பந்துகளைப் பிடித்து 84 யார்டு எடுத்தார். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 41-33 என்று வீழ்த்தி ஈகிள்ஸ் முதல்முறையாக சூப்பர் பௌல் கோப்பையை வென்றது.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2019 செப்டம்பர் 15, அட்லாண்டா. ஜெஃப்ரியும் டிஷான் ஜாக்சனும் காயத்தால் வெளியேறிவிட, அகலோர் மறுபடி முன்னணிக்கு வர வேண்டியதாயிற்று. எட்டு பந்துகள், 107 யார்டு, ஒரு டச்டவுன். ஆனால் கடைசி நிமிடங்களில் தொலைவிலிருந்து வந்த ஒரு பந்தை விட்டுவிட்டார், அணி 24-20 என்று தோற்றது. மறுநாளிலிருந்து அந்த ஒரு பந்தைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த வாரம் பிலடெல்பியாவில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. மாடியிலிருந்து போடப்பட்ட குழந்தைகளைக் கீழே நின்று பிடித்துக் காப்பாற்றிய ஒருவர், தொலைக்காட்சிப் பேட்டியில் அகலோரைப் போல இல்லாமல் நாங்கள் சரியாகப் பிடித்தோம் என்று சொன்னார். அது நாடு முழுக்கப் பரவியது. அகலோர் கோபப்படவில்லை. அந்த மனிதரின் தீரத்தைப் பாராட்டி, குடும்பத்தோடு அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு வரும்படி அழைத்தார். 26 வயது இளைஞரிடம் அவ்வளவு நிதானம் இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒருநாள் வேலையில் நடந்த தவறு ஊரே சொல்லிச் சிரிக்கும் வாசகமாகிவிட்டால் நம்மில் எத்தனை பேர் அப்படி நடந்துகொள்வோம்?

அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்குப் போனார். 48 பந்துகள், 896 யார்டு, எட்டு டச்டவுன். பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் சராசரியாக 18 யார்டுக்கு மேல். ஊர் மாறியது, வேலை மாறியது, கேலி இல்லை. கைகள் அதே கைகள்.

எத்தனை பந்து நழுவியது என்று சொல்லும் எண்களையும் ஓரளவுக்கு மேல் நம்பக்கூடாது. பிடித்த பந்துகள், யார்டு, டச்டவுன் ஆகியவை என்எஃப்எல்லின் அதிகாரபூர்வக் கணக்கில் வரும். நழுவிய பந்து அதில் வராது. தனியார் புள்ளிவிவர நிறுவனங்கள் வீடியோ பார்த்து, இது பிடித்திருக்க வேண்டிய பந்தா இல்லையா என்று தாங்களே முடிவு செய்து எண்ணுகின்றன. விரல் நுனியில் பட்டுப் போனதை ஒருவர் கணக்கில் சேர்ப்பார், இன்னொருவர் வீச்சே மோசம் என்று விட்டுவிடுவார். ஆகவே ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று இடத்தில் மூன்று எண்கள் இருக்கும். ஒரு சீசனில் பெரிய ரிசீவருக்கே நூற்றைம்பது பந்துகள் வந்தால் அதிகம். அதில் ஐந்து நழுவினால் நல்லவர், பத்து நழுவினால் மோசம் என்று பெயர். அந்த ஐந்து பந்து வித்தியாசத்துக்குள் ஆளைப் பற்றி முடிவு கட்டுவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. எதிரணியை ஏமாற்றித் தனியே விலகி நிற்கத் தெரியாத ரிசீவர் பந்தை நழுவவிடுவதே இல்லை. அவரிடம் பந்து வந்தால்தானே!

ஜெர்ரி ரைஸுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. மிசிசிப்பியில் செங்கல் கொத்தனாரின் மகன், அண்ணன் தம்பிகள் கீழிருந்து எறிந்த செங்கற்களைச் சாரத்தில் நின்று பிடித்து வளர்ந்தவர். 1985இல் சான் பிரான்சிஸ்கோ 49ers அணிக்கு வந்த முதல் சில மாதங்களில் பந்துகளை விட்டுவிட்டு, சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கிலேயே ரசிகர்களின் கூச்சலை வாங்கினார். அந்த அணியின் சிக்கலான ஆட்டத் திட்டங்களை நினைவில் வைத்துக்கொண்டே ஓடியவரின் கவனம் பந்தில் நிற்கவில்லை. பாதைகள் மனதில் படிந்தபின், டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 10 பந்துகள், 241 யார்டு. ஓய்வு பெற்றபோது அவர் பிடித்திருந்தவை 1,549 பந்துகள், 22,895 யார்டு. அந்த யார்டு சாதனையை நெருங்கக்கூட ஆளில்லை.

எல்லா இளைஞரும் ரைஸ் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. உண்மையிலேயே கை சரியில்லாதவர்களும் உண்டு. பொறுமை காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸின் குவென்டின் ஜான்ஸ்டனைப் பார்த்தால் இந்த முடிவு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 2023 தேர்வில் 21ஆவது இடம். பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறார் என்ற குறை கல்லூரியிலேயே சொல்லப்பட்டது. அந்த நவம்பரில் கிரீன்பேயில் ஆட்டத்தின் கடைசி நிமிடம், எதிராளியைத் தாண்டி ஓடிவிட்டார், குவாட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் வீசிய பந்து கைக்கு வந்து நழுவியது, 23-20 தோல்வி. முதல் சீசனில் 431 யார்டு மட்டுமே. 2024இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தபின் எட்டு டச்டவுன் போட்டார். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக ஒரு பந்தைக்கூடப் பிடிக்காமல், வந்ததையும் விட்டார். ஆறு வாரம் கழித்து, சீசனின் கடைசி ஆட்டத்தில் ரெய்டர்ஸுக்கு எதிராக 13 பந்துகள், 186 யார்டு. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்கத் தோன்றும்.

ரேவன்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு அவரை ஒதுக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சார்ஜர்ஸ் அவரைத் தொடர்ந்து களமிறக்கியது. ஹெர்பர்ட்டும் அவரிடம் பந்து வீசுவதை நிறுத்தவில்லை. 2025 சீசனின் முதல் ஆட்டம் பிரேசிலின் சாவ் பாலோவில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக நடந்தது. சார்ஜர்ஸ் 27-21 என்று வென்றது, அதில் இரண்டு டச்டவுன் ஜான்ஸ்டனுடையவை.